தொண்ணூறு மீட்டர், எங்கிருந்து?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. விமானப் போக்குவரத்து விசாரணை அலுவலகத்துக்கு என் அக்கா வீட்டுக்காரர் கொடுக்கவேண்டிய விளக்கக் கடிதமாகப் பிறந்தது. ஒரே ஒரு பக்கம், திங்கட்கிழமைக்குள்.

"புஸ்தகம் புஸ்தகமா எழுதுற. ஒரு பக்கம் எழுத மாட்டியா?" என்றாள் அக்கா.

ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்பது நாளில் முப்பத்தோரு பக்கம் ஆகிவிட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள். என் வீட்டில் எல்லாம் தலைகீழ், கட்டெறும்பு ஊதிக் கழுதையாகி நிற்கிறது. அலுவலகத்துக்கு அனுப்பத் தகுந்த ஒரு பத்தி அதில் இல்லை. தேறாததையெல்லாம் கூட்டி அள்ளியதுதான் இது.

நடந்ததை இங்கேயே போட்டு உடைத்துவிடுகிறேன். வாசகரை வாசலில் நிற்க வைத்து வேடிக்கை காட்டும் எழுத்து எனக்கு ஆகாது. கல்குவாரியில் பாறை சரிந்தது. ஒருவர் கால் மாட்டிக்கொண்டது. அவரைத் தூக்கிப்போக ஹெலிகாப்டர் வந்தது. குவாரிக்கு நேர்மேலே ஒரு ட்ரோன் அசையாமல் நின்றது. ஹெலிகாப்டர் இறங்காமல் விலகி, பதினான்கு நிமிடம் வட்டமடித்தது. ட்ரோன் என் மாமாவுடையது. மாட்டிக்கொண்ட கால் முழங்காலுக்குக் கீழே இப்போது இல்லை.

இனி நீங்கள் எழுந்து போகலாம். எனக்குத்தான் போக்கிடமில்லை.

2

கைவிட்ட தொடக்கங்கள்.

"அன்று வானம் துடைத்துவைத்த பாத்திரம்போல்

(நிறுத்திவிட்டேன். குவாரியில் யார் வானத்தைப் பார்த்தார்கள்? அண்ணாந்தால் கண்ணில் தூசி விழும். பன்னிரண்டு வயதுவரை அதே குவாரியில் ஜல்லி சுமந்தவன் நான். தலையில் கூடை இருப்பவனுக்கு வானம் என்பது கூடையின் அடிப்பாகம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன் பாருங்கள்.)

"அந்த இரும்புப் பறவை

(வெட்கக்கேடு. அடித்துவிட்டேன். நான் எவ்வளவு தூரம் சரியக்கூடியவன் என்று உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.)

"மதிப்பிற்குரிய ஐயா, எனது ட்ரோன் விதிமுறைக்கு உட்பட்டுத் தொண்ணூறு மீட்டர் உயரத்தில் மட்டுமே

(இது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.)

3

மாமாவைப் பற்றி. இருபத்திரண்டு வருஷம் குவாரியில் கிரேன் ஓட்டினார். பாறையைக் கட்டி அடியிலிருந்து மேலே தூக்கும் பெரிய கிரேன். இரண்டு வருஷத்துக்கு முன் இடுப்பு எலும்பு நழுவி வீட்டோடு உட்கார்ந்தார். வீடு குவாரி விளிம்பில். பின்கதவைத் திறந்தால் முப்பது அடியில் கம்பிவேலி, வேலிக்கு அப்பால் பள்ளம். கிரேன் லீவர் பிடித்த கை சும்மா இருக்குமா? ஒரு ட்ரோன் வாங்கினார். அக்கா அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

"சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு உன் மாமாகிட்ட. சக்களத்தி இறங்கின பிறகு வரட்டும்."

பொழுதுபோக்கு என்றுதான் ஊர் சொல்லும், அலுவலகம் கொடுத்த படிவமும் சொல்கிறது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. அந்த மனுஷர் இரண்டு வருஷமாக அதன் கண்ணால்தான் தன் வேலையிடத்தைப் பார்த்துவந்தார். குவாரிக்குள் இறங்கும் படி நானூற்றுப் பன்னிரண்டு. அவர் இடுப்புக்குப் பத்துப் படியே அதிகம்.

கடிதத்துக்காக அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

"மாமா, எவ்வளவு உயரத்துல விட்டீங்க?"

"தொண்ணூறு. போன்லயே காட்டுதே. நூத்தியிருபது வரைக்கும் போலாம்னு விதி. நான் முப்பது கம்மியாத்தான் நின்னேன்."

"தரையிலிருந்து நூத்தியிருபதுன்னு போட்டிருக்கு. தரைன்னா எது?"

"இதென்ன கேள்வி. நான் நிக்கிறது தரை."

"ட்ரோனுக்கு நேர்கீழ என்ன இருந்துச்சு?"

"பள்ளம்."

"பள்ளத்துக்கு அடியில?"

"பள்ளத்தோட அடி. மாப்ள, படிச்சுப் படிச்சு உனக்கு என்னமோ ஆயிருச்சு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவரும் வைத்துக்கொண்டார், வேறு காரணத்துக்காக.

(இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். குவாரியில் எல்லாவற்றையும் விளிம்பிலிருந்து கீழ்நோக்கித்தான் எண்ணுவார்கள். விளிம்புதான் பூஜ்யம். 'முப்பதுல வெடி' என்றால் விளிம்புக்கு முப்பது மீட்டர் கீழே வெடி. 'நூத்திப்பத்து' என்றால் குவாரியின் அடி. என் அப்பாவும் அப்படித்தான் எண்ணினார். பூஜ்யத்துக்கு மேலே இருப்பதெல்லாம் முதலாளி, வானம், கூலி கொடுக்கும் ஜன்னல். அங்கே அளக்க எதுவும் இல்லை. ட்ரோனும், பாவம், எங்கள் ஆள்தான். கிளம்பிய இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். விளிம்பில் கிளப்பினார், தொண்ணூறு காட்டியது. பள்ளத்துக்கு மேலே நகர்த்தினார், அப்போதும் தொண்ணூறுதான் காட்டியது. உண்மையில் அதற்கும் கீழே இருந்த தரைக்கும் நடுவே இருநூறு மீட்டர்.)

4

விமானியை நான் பார்க்காமலே எழுதிவிட்டேன். கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய சிரிப்பு. 'மேலே பறப்பவனுக்குக் கீழே கிடப்பவன் கண்ணில் படுவதில்லை' என்று ஒரு வாக்கியமும் தயாராக வைத்திருந்தேன். இருபது வருஷமாகச் சட்டைப்பையில் வைத்திருக்கும் வாக்கியம். எந்தக் கதைக்கும் செருகலாம்.

பிறகு நேரில் போனேன். கொட்டகையில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் ஹெலிகாப்டரின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு மெக்கானிக்கிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு ஸ்க்ரூடிரைவர் குறையுது. அது கிடைக்கிற வரைக்கும் நான் ஏற மாட்டேன்."

"உள்ள இருக்காதுங்க. டீக்கடைல வச்சிட்டு வந்திருப்பேன்."

"அப்ப போய் எடுத்துட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

அவர்தான் விமானி. என் வாக்கியம் சட்டைப்பையிலேயே செத்தது. காகிதத்தில் சுற்றிய ரொட்டியை நின்றபடியே தின்றுகொண்டு பேசினார்.

"உங்க மாமா மேல கோபமான்னு கேக்காதீங்க சார். கோபப்பட எனக்கு நேரமில்ல. அவர் எங்க நின்னார் தெரியுமா? நான் இறங்கவேண்டிய குழாய்க்குள்ள. பள்ளத்துக்குள்ள நேராத்தான் இறங்க முடியும், பக்கவாட்டுல எல்லாம் பாறை."

"அவர் கணக்குல தொண்ணூறு மீட்டர்."

"என் கணக்கு கடல்மட்டத்துலேர்ந்து சார். அவருக்கு வேலி பூஜ்யம், எனக்குக் கடல் பூஜ்யம். ரெண்டு பேருமே சரியான நம்பரைத்தான் பாத்துட்டு இருந்திருக்கோம்." ரொட்டியைப் பிய்த்தார். "சரி, அதை விடுங்க. அந்தத் தப்பு யாருக்கும் வரும். எனக்குப் புரியாதது ஒண்ணுதான். என்னைப் பாத்ததும் ஏன் இறக்கல?"

"நீங்க வட்டமடிச்சது எதுக்கு?"

"திரும்பினதும் அது எங்கன்னு தெரியல. சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. நகர்ந்தா கண்ணுல படும். அசையாம நின்னா, கண்ணாடியில ஒட்டின பூச்சியா வெளிய இருக்கிற பொருளான்னே தெரியாது. எங்க இருக்குன்னு தெரியாம உள்ள இறங்கி அது வால் விசிறில அடிச்சா, எனக்குப் பின்னாடி ரெண்டு பேர், கீழ சுத்தி நிக்கிறவங்க பத்துப் பேர். ஒரு காலுக்கு இத்தனை பேரப் பணயம் வைக்க முடியாது சார். கேக்கக் கொடூரமாத்தான் இருக்கும்."

கொடூரமாக இல்லை. எங்கள் குவாரி மேஸ்திரி பேசுவதுபோல் இருந்தது.

(விதிப் புத்தகத்தையும் வாங்கிப் படித்தேன். நாற்பத்தாறு பக்கம். தாழ்வான வான்வெளியைப் பயன்படுத்தும் அனைவரும் 'ஒருவரையொருவர் கவனித்து நடந்துகொள்ள வேண்டும்' என்று இருக்கிறது. நல்ல யோசனை. சந்தைக்குள் லாரியையும் கோழிக்குஞ்சையும் ஒரே வழியில் விட்டு, பார்த்துப் போங்கப்பா என்று சொல்வதுபோல. அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண்ணும் உண்டு. அன்று மேஸ்திரி குவாரிக்குள்ளிருந்து அதைக் கூப்பிட்டிருக்கிறார். 'ட்ரோன் பதிவுக்கு எண் ஒன்று, புதுப்பித்தலுக்கு எண் இரண்டு' என்று குரல் வந்திருக்கிறது. எட்டு வரை கேட்டாராம். எட்டிலும் மனிதர் இல்லை.)

5

ஏன் இறக்கவில்லை? அதைத்தான் நானும் கேட்டேன். கொஞ்சம் கத்தித்தான் கேட்டேன்.

"கண்ணு முன்னாடி ஹெலிகாப்டர் வருது. கையில கருவி இருக்கு. கீழ இறக்குறதுக்கு என்ன மாமா கேடு?"

அவர் பதறவில்லை. கத்தினால் பதறும் ஆள் கிரேன் ஓட்ட முடியாது.

"வர்ற சத்தம் பள்ளத்துல நாலு பக்கமும் எதிரொலிச்சுது. எந்தப் பக்கம் போகுது, எந்தப் பக்கம் வருதுன்னு தெரியல. குழப்பம் வந்தா சரக்கை அப்படியே நிறுத்து. கீழ இருக்கிறவன் கை காட்டாம ஒரு விரக்கடை நகத்தாத. இதுதான் எனக்குத் தெரிஞ்ச விதி. இருபத்திரண்டு வருஷத்துல என் கிரேனால ஒருத்தனுக்கும் ரத்தம் வந்ததில்ல."

"இது கிரேன் இல்ல."

"அது இப்பத் தெரியுது."

"கீழ பத்துப் பேர் நின்னாங்களே. யாரும் கை காட்டலையா?"

"எல்லாரும் காட்டினாங்க. ஒருத்தன் துண்டை வீசுறான், ஒருத்தன் ரெண்டு கையையும் ஆட்டுறான். பத்துப் பேர் காட்டினா அது கூத்து மாப்ள. எனக்குக் கை காட்டுறவன் ஒருத்தன்தான்."

அந்த ஒருவர் யாரென்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியவேண்டும். பெயர் சுருட்டை. தலையில் முடி போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை. பதினெட்டு வருஷம் மாமாவின் கிரேனுக்குக் கை காட்டியவர். உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் இறக்கு. கட்டைவிரல் மேலே என்றால் தூக்கு. முஷ்டி பிடித்தால் நில். நூறு மீட்டர் தூரத்திலிருந்து அந்தக் கையை நம்பி மாமா எட்டு டன் பாறையை ஆட்களுக்கு நடுவே இறக்குவார். இருவரும் வேலை நேரத்தில் பேசிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. வேலை முடிந்தும் அதிகம் பேச மாட்டார்கள்.

பாறைக்கு அடியில் கால் மாட்டிக் கிடந்தது சுருட்டைதான்.

"கை காட்டுறவன் கீழ கிடக்கான். நான் யாரைப் பாத்து இறக்குறது?"

பதினான்காவது நிமிடம் பேட்டரி தீரும் நிலைக்கு வந்து ட்ரோன் தானாகவே வீடு திரும்பியது. இறங்கவேண்டும் என்ற புத்தி கடைசியில் இயந்திரத்துக்குத்தான் வந்தது. (இந்த வரியைக் கோபத்தில் எழுதினேன். அடிக்கப் போனேன். கோபம் இன்னும் இருக்கிறது, வரியும் இருக்கட்டும்.) அன்று சாயங்காலமே அவர் தட்டுத்தடுமாறி மேஸ்திரியின் வீட்டுக்குப் போய், ட்ரோன் என்னுடையது என்று சொன்னார். யாரும் வந்து கேட்கவில்லை, தானாகவே போனார்.

6

கடிதத்தோடு ஒரு படிவமும் உண்டு. பன்னிரண்டு கட்டங்கள். பதினொன்றை நிரப்பிவிட்டேன். 'கிளப்பிய இடம்' என்ற கட்டத்தில் விளிம்பு என்று எழுதி, பள்ளத்தின் ஆழத்தையும் எழுதினேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"கேக்காததையெல்லாம் ஏன் எழுதுற?"

"கேட்டிருக்காங்க."

"ஆழத்தைக் கேட்டாங்களா?"

மிச்சம் ஏழாவது கட்டம். 'தரையிலிருந்து எச்சரிக்கை ஏதேனும் தரப்பட்டதா? ஆம் எனில், அதை நீங்கள் கவனித்தீர்களா?'

கவனித்தும் இறக்கவில்லை என்றால் அது தவறு இல்லை, குற்றம். வழக்கு வரும். அதை விதிப் புத்தகத்தின் முப்பத்தொன்பதாம் பக்கம் தெளிவாகவே சொல்கிறது, அந்தப் புத்தகத்தில் தெளிவாக இருக்கும் ஒரே பக்கம் அதுதான்.

மாமா ட்ரோனின் மெமரி கார்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "முழுசும் பதிவாயிருக்கும். நான் பாக்கல. நீ பாத்து எழுது."

பார்த்தேன். பாதி மதியம், ஜன்னலைச் சாத்திவிட்டு, கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலிருந்து பார்க்கும்போது குவாரி ஒரு கழுவாத சட்டி. அடியில் ஆட்கள் எள்போலச் சிதறுகிறார்கள். துண்டுகள் ஆடுகின்றன. நடுவில் ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். அவர் முகம் தெரியவில்லை, வழுக்கை தெரிகிறது.

ஹெலிகாப்டர் வந்த நான்காவது நிமிடத்தில் அவருடைய வலது கை எழுந்தது. வலியில் எழும் கை அப்படி இருக்காது. நேராக நீண்டு, உள்ளங்கை கீழே திரும்பி, மெதுவாக அழுத்தியது. இறக்கு. கொஞ்சம் ஓய்ந்து மறுபடி. இறக்கு.

காலை ஒரு பாறை தின்றுகொண்டிருக்கும்போது அந்த மனுஷர் வேலை பார்த்திருக்கிறார்.

எண்ணினேன். பதினோரு முறை. பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு கை எழவில்லை.

7

மருத்துவமனைக்குப் போனேன். மாமா இதுவரை போகவில்லை. இடுப்பு என்று சொல்லிக்கொள்கிறார்.

சுருட்டை ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் முழுசாகவும் ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகவும் கிடந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"பாரு பாரு. எல்லாரும் பாத்துட்டுத்தான் போறாங்க. டிக்கெட் போடலாமான்னு யோசிக்கிறேன்."

நான் சிரிக்க முயன்றேன். பிறகு, எழுதுகிறவன் புத்தி, கேட்டேவிட்டேன். "அந்தப் பதினாலு நிமிஷம் இல்லாம இருந்தா, கால்…"

"டாக்டர்கிட்ட கேட்டேன். சொல்ல முடியாதுங்கறார். போயிருக்கலாம், இருந்திருக்கலாம். அதை நீ எழுதிக்கோ, எனக்கு வேண்டாம்." தண்ணீர் குடித்தார். "எனக்கு வேற ஒண்ணு தெரியணும். நான் கை காட்டினேன்."

"தெரியும். வீடியோல இருக்கு."

"வீடியோ கிடக்குது. அவன் பாத்தானா?"

நான் தண்ணீர்க் குவளையை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

"பதினெட்டு வருஷம். ஒரு தடவகூட என் கைய மீறினதில்ல அவன். புயல் காத்துல மீறல. அவங்க அம்மா செத்த சேதி வந்த அன்னிக்கு மீறல. அன்னிக்குப் பாக்கலேன்னா சரி, தூரம், வெயிலு, போன்ல தெரிஞ்சிருக்காது. பாத்துட்டு இறக்கலேன்னா…" வலது கையைத் தூக்கி, என்ன செய்வதென்று தெரியாததுபோல் மறுபடி போர்வையில் வைத்தார். "கேட்டுச் சொல்லு. கால் கணக்கு வேற, இது வேற."

8

ஆகவே முடிவுகள்.

முதல் முடிவு. பத்துப் பேர் துண்டு வீசியது கூத்து, எச்சரிக்கை இல்லை; சுருட்டையின் கையை மாமா பார்க்கவே இல்லை. உள்ளங்கை அளவு போன், உச்சி வெயில், கிடக்கும் மனிதன் அரிசியளவு. ஏழாவது கட்டத்தில் 'கவனிக்கவில்லை'. வழக்கு இல்லை. சுருட்டைக்கு நிம்மதி. எல்லோருக்கும் நல்லது. (எல்லோருக்கும் நல்லதாக இருக்கும் முடிவை நான் நம்புவதில்லை. என் வளர்ப்பு அப்படி.)

இரண்டாவது. பார்த்தார், வலியில் துடிக்கும் கை என்று நினைத்துவிட்டார். (பதினெட்டு வருஷம் பார்த்த கையையா? இதை எழுதும்போதே பேனா சிரிக்கிறது.)

மூன்றாவது. பார்த்தார். புரிந்துகொண்டார். இறக்கியிருந்தால் திரையில் வேலியும் புல்லும்தான் தெரிந்திருக்கும். நானூற்றுப் பன்னிரண்டு படி இறங்க முடியாதவருக்கு அந்த ட்ரோன்தான் கூட்டாளியின் பக்கத்தில் இருந்த ஒரே இடம். இறக்க மனம் வர

(இதை முடிக்க முடியவில்லை. இது உண்மையாக இருந்தால் நான் எழுதக்கூடாது. பொய்யாக இருந்தால் இன்னும் எழுதக்கூடாது.)

அக்கா மூன்றையும் அடுப்படியில் நின்றபடியே படித்தாள். கரண்டியை வைத்தாள்.

"முதலாவத எழுதிக் கொடு."

"அது நிஜமான்னு தெரியலையேக்கா."

"நிஜத்த வச்சு என்ன பண்ணப்போற? கேஸ் வந்தா நீயா வந்து நிப்ப?" கரண்டியை மறுபடி எடுத்துக் குழம்பைக் கிண்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் பாத்தாரா இல்லையான்னு கண்டுபிடி. ஆனா என்கிட்டச் சொல்லாத" என்றாள்.

9

கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் மாமாவின் முன்னால் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

"பாக்கணுமா?" என்றார்.

"பாக்கணும் மாமா. சுருட்டை கேட்டார்."

அவர் பெயரைக் கேட்டதும் நாற்காலியை இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கிரேன் கூண்டுக்குள் உட்காருவதுபோல. வலது கை தானாக மேசை விளிம்புக்கு வந்தது. லீவர் இருக்கவேண்டிய இடம்.

ஹெலிகாப்டர் வந்த இடத்திலிருந்து ஓடவிட்டேன். முதல் நிமிடம், தூசி. இரண்டாவது, மூன்றாவது, துண்டுகள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. முகத்தை நம்பிக் கதை எழுதிக் கெட்டவன் நான். கையைத்தான் பார்த்தேன்.

நான்காவது நிமிடம். திரையில் சுருட்டையின் கை எழுந்தது, உள்ளங்கை கீழே அழுத்தியது. அதே நேரத்தையொட்டி மேசைமேல் மாமாவின் கை ஒரு விரற்கடை முன்னால் தள்ளியது. சரக்கை இறக்கும் தள்ளல். அவர் செய்ததாகவே அவருக்குத் தெரியாது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கை, திரையில் சுருட்டையின் கை எழுந்த பிறகு நகர்ந்ததா, எழுவதற்கு முன்பே நகர்ந்ததா? பிறகு என்றால் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறார், பழக்கம் கையை இழுத்திருக்கிறது. முன்பே என்றால் எந்த நொடியில் அந்தக் கை எழும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

நான் பார்த்தேன். எந்த மயக்கமும் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், இரண்டு அடி தூரத்தில் பார்த்தேன்.

சொல்லப்போவதில்லை. ஒன்பது நாள் ஒன்பது பேரிடம் திட்டு வாங்கி, விதிப் புத்தகம் படித்து, நான் கண்டுபிடித்த ஒரே நிச்சயமான விஷயம் அதுதான், அதை எழுதிவிட்டால் இரண்டு கிழவர்களில் ஒருவர் தீர்ந்தார். ஏழாவது கட்டத்தைக் காலியாக விட்டு, படிவத்தை மாமாவின் கையில் பேனாவோடு கொடுத்துவிட்டேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரில எத்தனாவது மாடி?" என்று கேட்டார். லிஃப்ட் இருக்கிறது என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது. மீதியை நீங்கள் பாருங்கள். பார்வையாளர் நேரம் நாலு மணி. ஐந்தாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். மாமாவுக்கு முன்னால் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டால், சுருட்டை அந்தக் கேள்வியை உங்களிடம்தான் கேட்பார். என்ன சொல்வது என்று கதவைத் தள்ளும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் அவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார்.